எலும்பு மரம்

நங்கூரக் கயிற்றை அளக்கச் சொன்னது என் வீட்டுக்காரர். அளந்தது என் மகள். கயிறு குறைந்துபோனதில் யார் தப்பும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் குப்பத்தில் கயிற்றையும் ஆழத்தையும் பாகத்தில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுசாக விரித்தால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். டேப்பு எல்லாம் யாரும் எடுப்பதில்லை. அன்றைக்கு இவர் எஞ்சினைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார், கையெல்லாம் ஆயில். புதுக் கயிற்றுக் கட்டை மகளிடம் தள்ளிவிட்டு, இத்தனை பாகம் அளந்து அறுத்து வை என்று சொன்னார். அவளும் மணலில் நின்று, கையை விரித்து விரித்து, வாய்விட்டு எண்ணி, ஒன்று கூட விடாமல் அளந்து அறுத்து வைத்தாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு.

மறுநாள் கடலில் நங்கூரம் போட்டால், அடியைத் தொடவே இல்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நின்றதாம். படகு மெதுவாக நகர்ந்து பக்கத்துப் படகுக்காரன் வலைமேல் போய், அவன் போட்ட சத்தத்தில்தான் இவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கரைக்கு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னாண்ணே, சென்னாக்குன்னிய வுட்டு கயிறு அளந்தியா?" என்றான் கூடப் போனவன்.

சென்னாக்குன்னி என்றால் பொடி இறால். உப்புப் போட்டுக் காயவைத்தால் உள்ளங்கையில் ஒரு ஊரையே அள்ளலாம். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் அதுதான் பெயர்.

"கணக்கு கரீட்டாத்தான் கீது. கைதான் பத்தல," என்றார் இவர். அவரும் சிரித்தார்.

மகள் விடவில்லை. "நைனா, எத்தினி பாகம்னு சொன்ன. யாரு பாகம்னு நீ சொல்லலியே."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குள்ளம் என்பது எனக்குத் தெரியாதா? பிரேயர் வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறாள். பள்ளிக்கூடத்துப் பாவாடை தைக்கும்போது வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று கீழே நாலு விரல் மடித்துத் தைத்திருந்தேன். போன வருஷமும் அந்த மடிப்பைப் பிரிக்கவில்லை, இந்த வருஷமும் பிரிக்கவில்லை. அதெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்ணாலேயே விட்டுவிட முடிந்தது. கயிறு அப்படி இல்லை. எவ்வளவு குறைகிறாள் என்று கடல் அளந்து சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

இதில் என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. என் பயத்துக்கு வேர் அங்கேதான்.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தினவள். இறால் உரிக்கப் போனேன், ஐஸ் பட்டு விரலெல்லாம் வெடித்தது. கல்யாணத்துக்கு அப்புறம் வேறு வேலை தேடினபோது மீஞ்சூர் பக்கத்தில் ஒரு நர்சரியில் தண்ணி ஊற்ற ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது ரோஜாவும் குரோட்டன்ஸும் விற்கிற நர்சரி இல்லை. மரத்தைத் தட்டில் வளர்க்கிற இடம். ஆலமரம், புளியமரம், எல்லாம் முழங்கால் உயரத்தில். பெரிய ஓட்டல் வாசலிலும் சென்னை அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையிலும் வைக்க வாங்கிப் போவார்கள்.

அங்கே நடத்துகிற மேடம் ஒரு வரிசை மரத்தை நிழல்வலைக்குக் கீழே தனியாக வைத்திருந்தார். முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இது எல்ம்" என்றார். என் காதில் விழுந்தது "எலும்பு." பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. தண்டு வெளுத்து, முட்டு முட்டாக, மூட்டு வீங்கினாற்போல. பட்டை தக்கை மாதிரி வெடித்திருந்தது. இலை மட்டும் அவ்வளவு அழகு, கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓரமெல்லாம் ரம்பம். எலும்பு மரம் என்றே வீட்டில் வந்து சொன்னேன். சீனாவிலிருந்து வந்த எல்ம் மரம், அதிலும் சின்ன இலைக்காகவே தேர்ந்தெடுத்த ரகம் என்று பிறகு விளங்கியது. அதற்குள் எங்கள் தெருவில் எலும்பு மரம் என்ற பெயர் நின்றுவிட்டது. நானும் மாற்றவில்லை.

என் வேலை என்னவென்றால், அந்த மரத்தை வளரவிடாமல் பார்த்துக்கொள்வது. இப்படிச் சொன்னால் மேடத்துக்குக் கோபம் வரும். அழகாக வைத்துக்கொள்வது என்று சொல்ல வேண்டும். ஆனால் கை செய்வதைத்தானே சொல்ல முடியும்? துளிர் நீண்டால் இரண்டு இலை விட்டுக் கிள்ள வேண்டும். கிளைக்கு அலுமினியக் கம்பி சுற்றி வளைக்க வேண்டும். கம்பி பட்டையைக் கடிக்கிறதுக்கு முன்னால் வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்து, வேரைச் சீப்பால் வாரி, நீண்டதை எல்லாம் கத்தரித்து, செங்கல் பொடியும் ஆற்று மணலும் கலந்து திரும்ப நட வேண்டும். எல்ம் வேர் சளைக்காது. வெட்ட வெட்ட முளைக்கும். தலைமுடி மாதிரி மெல்லிசாக, வெள்ளையாக, கத்தரி பட்டால் சத்தமே வராது. எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது.

கயிறு குறைந்த அந்த வாரம், அடுத்த வீட்டிலிருக்கிற என் நாத்தனார் கருவாடு புரட்டிக்கொண்டே சொன்னாள். அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை. வாயில் வருவதைப் போட்டுவிடுவாள்.

"ஏன் அண்ணி, பகலெல்லாம் மரத்த வளரவுடாம வெட்டினு கீற. அதே கையாலதான பொண்ணுக்குத் தல வார்ற?"

"இன்னாடி சொல்ற?"

"நான் ஒண்ணியும் சொல்லலப்பா. குள்ள மரம் வெச்சா வூடு வளராதுன்னு சொல்லுவாங்க. நீ வூட்ல கூட வெக்கல, கையிலயே வெச்சினு கீற."

சொல்லிவிட்டு அவள் கருவாடு காய்கிற அடுத்த தட்டிக்குப் போய்விட்டாள். காகத்தை விரட்டினாள். நான் அங்கேயே நின்றேன். அன்று சாயங்காலம் மகள் சீப்பை நீட்டியபோது, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே ஆனது. வேலைக்குப் போய்வந்த துணியோடு அவள் தலையைத் தொட மாட்டேன். எண்ணெய் பாட்டிலைத் தொட மாட்டேன். அவளுக்கு ஏதோ புரிந்தது, ஆனால் கேட்கவில்லை. தானே பின்னிக்கொள்ள ஆரம்பித்தாள்.

மேடத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "மேடம், இந்த மரம் நாம வெட்டுறதாலதான் சின்னதா இருக்குதா? வுட்டா பெரிசாயிடுமா?"

"இலை ரகத்தால சின்னது. உயரம் தட்டாலயும் கத்தரியாலயும் சின்னது. தரையில வெச்சா கொஞ்சம் பெரிசாகும், இலை மட்டும் பெருசா மாறாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

ரகம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இந்த ரகத்துக்கு விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சியை வெட்டி நடுவோம். அந்தக் குச்சியிலிருந்து இன்னொரு குச்சி. அப்படிப் பார்த்தால் எல்லாம் ஒரே மரம்தான். என் மகள் ரகமா, கத்தரியா? இவர் அம்மா உயரமில்லை என்பார்கள், போட்டோவில் உட்கார்ந்துதான் இருக்கிறாள், தெரியவில்லை. நான் ஒன்றும் குள்ளமில்லை. ஆனால் சின்ன வயசில் எப்படி இருந்தேன்? யோசித்து யோசித்து, பொன்னேரியில் இறங்க வேண்டியவர்கள் எல்லாம் இறங்கினதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறேன்.

அந்த வரிசையில் ஒரு மரம் கழித்துப்போட்டது. கம்பி கடித்துத் தண்டில் சுருள் தழும்பு விழுந்துவிட்டது, விற்காது. அதைக் கேட்டேன். மேடம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்குப் பின்னால், முருங்கைக்குப் பக்கத்தில், குழி தோண்டிச் செம்மண்ணும் உரமும் கொட்டி, தட்டிலிருந்து எடுத்து நட்டேன். கத்தரி எடுக்கவே போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் வாய்விட்டு வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் அது வேண்டுதல்தான். வேறென்ன? நீ வளர், அவளும் வளரட்டும்.

"இன்னாத்துக்கு இது?" என்றார் இவர்.

"நெழலுக்கு."

"இது எப்ப வளந்து எப்ப நெழலு குடுத்து? அதுக்குள்ள நம்மளத் தூக்கினு பூடுவாங்க."

மழை முடிந்த காலம் அது. மரம் பிடித்துக்கொண்டது. துளிர் நீண்டது. கிள்ளாமல் விட்ட துளிர் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. சாட்டை மாதிரி வளைந்து நீண்டு, நுனியில் சிவந்து, காற்றில் ஆடிக்கொண்டு. காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்ப்பேன். அப்புறம் படுத்திருக்கிற மகளைப் பார்ப்பேன், பாயில் கால் எதுவரை வருகிறது என்று. மரம் நீண்ட நாளில் அவளும் நீண்ட மாதிரியே தெரியும். இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியாமலில்லை. தெரிந்தும் பார்ப்பேன்.

பிறகு வெயில் ஏறினது. ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாக இருந்தது. கடல் காற்று என்று நினைத்துப் பழைய வலையைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் இலை கொட்ட ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு இலை இல்லை. வெறும் முட்டும் மூட்டுமாக நின்றது. பெயர் வைத்த மாதிரியே ஆகிவிட்டது.

வேர்ப் பக்கம் மண்ணைக் கிளறினேன். வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

அன்று லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். நாத்தனார் பாத்திரத்தோடு பின்பக்கம் வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக மரத்தடிக்குப் போய்ச் சரித்து ஊற்றினாள். கருவாடு அலசின தண்ணி.

"அடியே! இன்னாடி பண்ற?"

அவள் பயந்து பாத்திரத்தையே கீழே போட்டாள். "இன்னா அண்ணி? வாடிப் போச்சேன்னு ஊத்தறேன். நீ வேலைக்குப் போய்ட்டா யாரு பாக்கறது அத்த? மீன் கழுவுன தண்ணி ஊத்திதான தோ, முருங்க இப்டி காய்க்குது?"

"அது பச்ச மீன் தண்ணி. இது கருவாட்டுத் தண்ணி, உப்புடி!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. முருங்கைக்கு மீன் கழுவின தண்ணி ஊற்றுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அன்றன்று கையில் இருக்கிற தண்ணியை ஊற்றிவந்திருக்கிறாள். "பொண்ணு மாதிரி பாக்கறியே, சாவக் கூடாதுன்னுதான் அண்ணி..." என்று சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. "என் பொண்ணு பூட்டா" என்று கத்தினேனாம். அவள் மார்மேல் அடித்து அடித்து அழுதேனாம். தெருவே வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பையோடு நின்றாள். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். குரலே மாறியிருந்தது.

"எம்மா, நான் இன்னா மரமா?"

நான் மரத்தடி மண்ணைக் கையால் வழித்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேன்ல? நான் மரமா? அது பட்டுப்போனா நான் பட்டுப்பூடுவனா? எம்மேல கை படாம எத்தினி நாளா சுத்தினு கீற, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் இன்னா பண்ணேன் உனுக்கு?"

"உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான்..."

"ஆவுதோ ஆவலியோ டாக்டர்ட்ட கேளு. எலும்பு மரத்தக் கேட்டா அது சொல்லுமா?"

அவள் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, "கேக்கறா பாரு கேள்வி, ஒண்ணர அடிய வெச்சினு," என்றாள். மகள் திரும்பி, "ஒண்ணர அடிதான், உன்ன மாதிரி மூணு பேரத் தூக்குவேன் அத்த" என்றாள். அந்த அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் தலையை நான் வாரினேன். கை கழுவாமல்.

அடுத்த வாரம் பொன்னேரியில் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் இளம் வயசுப் பெண். மகளைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். கையை விரிக்கச் சொல்லி அதையும் அளந்தார். மகள் என்னைப் பார்த்து, "பாகம்" என்று வாயசைத்தாள். பிறகு டாக்டர் சொன்னார், "எலும்பு வயசு பாக்கணும். இடது கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

எலும்பு என்று காதில் விழுந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

படத்தில் அவள் கை கறுப்பில் வெள்ளையாக இருந்தது. விரல் எலும்பு முனைகளில் கீறல் மாதிரி இடைவெளி. அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை, வயசுக்கு எலும்பு பின்தங்கி இருக்கிறது, அதனால் வளர இன்னும் இடம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் கெடுதலாக இல்லை. பிறகு என்னைக் கேட்டார், "நீங்க எப்ப வயசுக்கு வந்தீங்க?"

"லேட்டும்மா. என் தங்கச்சிக்கு மஞ்ச தண்ணி ஊத்தின அப்புறந்தான் எனக்கு ஊத்தினாங்க. ஊரே பேசிச்சு."

"அதுக்கு முன்னாடி நீங்களும் உயரம் இல்லாமதான் இருந்தீங்களா?"

இருந்தேன். அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். இறால் ஷெட்டில் எனக்கு மட்டும் காலுக்குக் கீழே ஐஸ் பெட்டி கவிழ்த்துப் போடுவார்கள், மேஜை எட்டாது என்று.

"அப்ப உங்கள மாதிரி இருக்கலாம். ஆனா இப்பவே நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள வளர்ச்சி இல்லன்னா மேல பாக்கணும்."

இதைக் கேட்டு இவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் "இருக்கலாம்" என்பதையும் "இல்லன்னா" என்பதையும் தராசில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். என் கையால் வந்ததில்லை என்றால் என் உடம்பால் வந்தது. அதுவும் நான்தானே.

மரத்தைத் தோண்டி எடுத்தேன். நாத்தனாரும் கூட வந்து தோண்டினாள். நல்ல தண்ணியில் வேரை அலசி, கறுத்த வேரையெல்லாம் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நர்சரிக்கே எடுத்துப் போனேன். கத்தரி எடுக்க மாட்டேன் என்று சொன்ன அதே கையால்தான் வெட்டினேன். மேடம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, செங்கல் பொடி போட்டு ஒரு தட்டைத் தள்ளினார். நிழல்வலைக்குக் கீழே வைத்தோம். அங்கே ஊற்றுவது லாரித் தண்ணி. மீஞ்சூரில் நிலத்துத் தண்ணியும் உப்புதான். பல வாரம் குச்சியாக நின்றது. பிறகு நடுத்தண்டில், கம்பி கடித்த தழும்புக்குப் பக்கத்தில், குண்டூசித் தலை மாதிரி பச்சை. பார்த்தேன். மகளை நினைக்காமல் பார்க்க முயற்சி செய்தேன். முடியவில்லை. ஆனால் வீட்டில் போய்ச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கே, மிச்சமிருந்த புதுக் கயிற்றில் அவளுடைய ஒரு பாகத்தை அளந்து அறுத்து அரிசி டிரம்முக்கு மேல் வைத்திருந்தேன். இவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும், அவளுக்கு எது தெரியாது? எடுத்து அளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் சொன்ன தேதி நெருங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் மறுபடியும் நங்கூரக் கயிறு மாற்றினார். மகளைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். அவள் எண்ணிக்கொண்டே போனாள். சொன்ன கணக்கு முடிந்தும் நிறுத்தாமல் இன்னும் விரித்தாள்.

"ஏய், போதும் போதும்," என்றார்.

"உன் பாகத்துக்கு அது போதும் நைனா. என் பாகத்துக்கு மேல போடணும்ல?"

அளந்து முடித்துவிட்டு அவளே உள்ளே போய் அரிசி டிரம்மிலிருந்து அந்தத் துண்டுக் கயிற்றை எடுத்து வந்தாள். என் முன்னால் கையை விரித்தாள். கயிறு இந்த விரல் நுனியில் தொடங்கி அந்த விரல் நுனியைத் தொடவில்லை. நகம் மொத்தமும் வெளியே தெரிந்தது.

"இன்னா சொல்ற?" என்றாள்.

அவள் கையை விரித்தபடியே நின்றாள். நான் இவரைப் பார்த்து, புதுக் கயிறு நாளாக நாளாகச் சுருங்குமா என்று கேட்டேன்.

"சுருங்கும். தண்ணி பட்டா," என்றார் அவர்.

"டிரம்மு மேல ஏதும்மா தண்ணி?" என்றாள் மகள்.

மழையில் கூரை ஒருநாள் ஒழுகினது. அது டிரம் பக்கமா, அடுப்புப் பக்கமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை பொன்னேரிக்குப் போகிறோம். கயிற்றையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.